தேன்மொழி சொன்னதும் திரை எழுதியதும்

1

நான் சிட்னிக்கு வந்து பத்தொன்பது வருடம் நிறைந்த அதே வாரத்தில், வாழ்க்கையில் முதன்முதலாக எனக்கு ஓர் எழுத்துமூல எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. கேக் வாங்குவோம் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். கேக்கையும் வாங்கினோம், கடிதத்தையும் அதே மேசையில் வைத்தோம். என் கணவர் குகன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "பிழை விட்டது உண்மைதானே, பிறகென்ன?" என்றார்.

உண்மைதான். அந்தக் கடிதத்தில் எழுதியிருந்ததை நான் செய்தேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதற்கு முந்தைய கிழமை இன்னொரு தாள் என் முன்னால் நீட்டப்பட்டது. அதில் நான் கையெழுத்து வைக்கவில்லை. வைத்திருந்தால் எச்சரிக்கைக் கடிதமே வந்திராது. சம்பள உயர்வுகூடக் கிடைத்திருக்கலாம். 'ரஜனி அங்கை ஒபிஸிலை பெரிய ஆள்' என்று வவுனியாவில் என் தங்கை சொல்லித் திரிவதாகக் கேள்வி. பெரிய ஆளுக்கு என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

2

நான் வேலை செய்வது முதியோரை அவர்களுடைய வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில். பணியாளர்கள் வீடு வீடாகக் காரில் போய், குளிக்க வார்த்து, மருந்து எடுத்துக் கொடுத்து, சாப்பாடு சூடாக்கி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள். நானும் பல வருடம் அப்படி ஓடியவள்தான். முதுகு ஒத்துழைக்காமல் போன பிறகு அலுவலகத்தில் ஒருங்கிணைப்பாளராக உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு வீட்டிலும் நடந்ததை அவர்கள் எங்களுக்கு அறிவிக்க வேண்டும். ஈரக் கையோடு காருக்குள் இருந்துகொண்டு யாரால் எழுத முடியும்? நேபாளத்துப் பெண்கள், பீஜித் தீவுக்காரர், இந்தியாவிலிருந்து வந்தவர்கள், எங்கட ஆட்கள். எல்லோருக்கும் ஆங்கிலம் பேச வரும், எழுதத்தான் தயக்கம். அதனால் ஒரு தொலைபேசி இலக்கத்தை அழைத்துக் குரலில் சொல்லி வைப்பார்கள். காலையில் நான் வந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, 'ரீம் சற்' என்று நாங்கள் சொல்லும் குழு உரையாடல் திரையில் தட்டச்சுச் செய்வேன். முழுவதையும் கேட்டு முடிக்கவே மத்தியானமாகிவிடும்.

ஒரு சனி, ஞாயிறில் அதற்கு வழி கண்டுபிடித்தேன். கணினி படித்தவள் அல்ல நான். ஆனால் இப்போது நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கென்றே செயலிகள் வந்திருக்கின்றன. திரையில் பெட்டிகளை இழுத்து வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு அம்புக்குறி போட்டுத் தொடுத்தால் போதும். முதற் பெட்டி, புதிய குரற்செய்தி வந்தால் அதை எடுக்கும். இரண்டாவது, குரலை எழுத்தாக்கும். மூன்றாவது, யாருடைய இலக்கம் என்று பார்த்துப் பெயர் போடும். நான்காவது, அந்த 'சற்' திரையில் பதியும். குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருந்து வீடியோ பார்த்துப் பார்த்துத் தொடுத்தேன். எனது சோதனைச் செய்தி முதன்முதலாகச் சற்றில் வந்து விழுந்தபோது தனியாக எழுந்து நின்று கை தட்டினேன்.

சில நாளில் சேமிப்பிடம் நிறைந்துவிட்டது என்று அறிவிப்பு வந்தது. அதற்காக ஐந்தாவதாக ஒரு பெட்டி வைத்தேன். எழுத்து பதிவானதும் குரற்கோப்பை அழிக்கும் பெட்டி. யாரும் கேட்கவில்லை, நானே வைத்தேன். அதை மறந்துவிடாதீர்கள்.

மேலாளர் கிரெக் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நல்ல மனிதர், எல்லோருக்கும் கதவைத் திறந்து பிடிப்பார். என் படத்தைச் சுவரில் மாட்டி, இந்த மாதத்தின் சிறந்த ஊழியர் என்று எழுதி வைத்தார்.

எழுத்துகளில் பிழைகள் வந்தன. 'ரஜனி' என்று நான் சொன்னால் 'ரே, ஜொனி' என்று எழுதி என்னை இரண்டு ஆண்களாக்கியது. ஏற்கனவே இந்த நாட்டு அலுவலகங்களுக்கு என் பெயர் நடராஜா. வந்த புதிதில் யாரோ ஒருவர் படிவத்தில் அப்பாவின் பெயரை என் பெயராகப் பதிந்துவிட்டார். மருத்துவமனையில் 'மிஸ்டர் நடராஜா' என்று கூப்பிட்டால் எழுந்து போகப் பழகியவள் நான். ஆகவே ரேயும் ஜொனியும் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எல்லோரும் சிரித்தோம். எங்கள் பணியாளர் தேன்மொழியின் பெயரை 'தென் மொலி' என்று எழுதியது. அன்றிலிருந்து கிரெக் அவளை மொலி என்று கூப்பிட ஆரம்பித்தார். அதற்கும் சிரித்தோம். தேன்மொழியும் சிரித்தாள்.

3

குரலை எழுத்தாக்கும் வேலை எனக்குப் புதிதல்ல. கலியாணத்துக்கு முன் வவுனியாவில் ஒரு 'கொமினிகேசன்' கடையில் வேலை செய்தேன். மூன்று கண்ணாடிக் கூண்டு, ஒரு மின்விசிறி, வாசலில் எப்போதும் ஒரு வரிசை. வீட்டில் தொலைபேசி இல்லாத காலம் அது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் எடுப்பார்கள். பெற்றவர்கள் அந்த நேரம் கடையில் இல்லையென்றால் சேதியை நான் கொப்பியில் எழுதி வைத்துக் கொடுக்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்து முதல் மாதம். பாரிஸிலிருந்து ஒருவர் எடுத்தார். இரைச்சலான லைன். "அம்மாவைக் கொழும்புக்கு வரச் சொல்லுங்கோ" என்று எனக்குக் கேட்டது. எழுதினேன். அம்மா இராணுவத்திடம் பயணப் பாஸ் எடுத்து, பஸ் ஏறி, கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கினார். அந்தக் கிழமை அங்கே தமிழரைத் தேடிச் சுற்றிவளைப்பு. இரண்டு இரவு பொலிஸில் வைத்திருந்துவிட்டு விட்டார்கள்.

மகன் சொன்னது, "வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

மறுபடி அவர் எடுத்து என்னைப் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. திட்டித் தீர்த்த பிறகு அழுதார். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அந்தக் கடையில் இருந்த நான்கு வருடமும், "அண்ணை, போனை வையாதேங்கோ, எழுதினதைத் திரும்ப வாசிக்கிறன்" என்று சொல்லாமல் ஒரு சேதியையும் நான் கொடுத்தனுப்பியதில்லை. வெளிநாட்டு அழைப்பில் ஒவ்வொரு நிமிடமும் விலை என்று முதலாளி முறைப்பார். முறைத்துவிட்டுப் போகட்டும் என்று வாசிப்பேன்.

அப்படி இருந்தவள், இங்கே அம்புக்குறி போட்டு, வாசித்துக் காட்டாமல், குரலையும் அழித்தேன். வசதி என்பது மனிதரை எவ்வளவு கெதியாக மாற்றிவிடுகிறது.

4

மெரிலேண்ட்ஸில் டொரத்தி என்று ஒரு அம்மா. வயது எண்பத்தெட்டு, ஞாபகம் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டிருந்தது. காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை தேன்மொழி அவரோடு இருப்பாள். தேன்மொழி மதுரைப் பிள்ளை. அங்கே தாதியாக வேலை பார்த்தவள், இங்கே அந்தப் பதிவு இன்னும் கிடைக்கவில்லை. எங்கள் நிறுவனம் கொடுத்த விசாவில்தான் அவளும் கணவனும் இங்கே இருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை கிரெக் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கிரெக்கோடு பேசியதெல்லாம் ஆங்கிலத்தில், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முந்தைய வியாழக்கிழமையிலிருந்து டொரத்தியின் முழங்கையில் இரத்தம் கட்டிய பெரிய கண்டல் காயம் இருப்பதாக அவருடைய மகள் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். கிரெக் அந்த வியாழக்கிழமைச் சற்றைத் திறந்து பார்த்திருக்கிறார். ஒன்பது நாற்பதுக்குத் தேன்மொழியின் செய்தி. டொரத்திக்குத் தலைசுற்றல், கட்டிலில் படுக்க வைத்திருக்கிறேன் என்று இருந்தது. அதற்கு அடுத்த வரி: 'நான் இப்போது அவரைத் தனியே விட்டுவிட்டேன்.'

"பத்தரை வரை வேலை. ஒன்பது நாற்பதுக்குத் தலைசுற்றும் கிழவியை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். தானே எழுத்தில் சொல்லியும் இருக்கிறாள்" என்றார் கிரெக்.

"பத்தரைக்குத்தானே போனில் வெளியேறும் பொத்தானை அழுத்தியிருக்கிறாள்?"

"அந்தப் பொத்தானைக் காருக்குள் இருந்தும் அழுத்தலாம்."

நான் அந்த வரியை ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப வாசித்தேன்: 'ஐ ஹாவ் நவ் லெஃப்ட் ஹேர் அலோன்.' வாயசைத்து வாசித்தேன். 'நவ்' என்றால் இப்போது. 'நொட்' என்றால் இல்லை. நாங்கள் 'நொட்' என்று சொல்லும்போது கடைசி எழுத்தை இவர்களைப் போல வெடித்துச் சொல்வதில்லை. 'நான் அவரைத் தனியே விடவில்லை' என்று அவள் சொல்லியிருக்கிறாள். இயந்திரம் 'இல்லை'யை 'இப்போது' ஆக்கிவிட்டது.

வவுனியாக் கடையின் மின்விசிறிச் சத்தம் கேட்டது என்றால் நம்புவீர்களா?

"கிரெக், இது எழுத்துப் பிழை. குரலைக் கேட்டால் தெரியும்."

"நானும் அதைத்தான் யோசித்தேன். குரல் எங்கே?"

எங்கே? நான் வைத்த ஐந்தாம் பெட்டி தின்றுவிட்டது.

அவர் ஒரு தாளை நீட்டினார். விசாரணைக்கு வேண்டுமாம். 'குரலை எழுத்தாக்கும் இந்த ஒழுங்குமுறை சரியாக இயங்குகிறது, பதிவான எழுத்து நம்பகமானது' என்று அதை அமைத்தவள் என்ற முறையில் நான் கையெழுத்து வைக்க வேண்டும்.

"இது நீ செய்த வேலை, ரஜனி. எல்லாக் கிளைகளுக்கும் இதைக் கொடுப்போம் என்று தலைமை அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். நீயே உன் வேலையைக் குறைத்துப் பேசாதே."

"யோசித்துச் சொல்கிறேன்" என்றுகூட நான் சொல்லியிருக்கலாம். நாக்கு முந்திக்கொண்டது. "இது பொய். நான் வைக்க மாட்டேன்."

கிரெக் அதிர்ந்துபோய்ப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் இந்த நாட்டில் ஒரு மேலாளரிடம் நான் சொன்ன முதல் 'மாட்டேன்' அது என்று நினைக்கிறேன்.

5

அன்று பின்னேரம் தேன்மொழி டூங்கபியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று மின்னஞ்சல் வந்திருந்தது. கதிரையின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தேநீரைத் தொடாமல் வைத்திருந்தாள்.

"அக்கா, நான் அவங்கள விட்டுட்டு எங்கயும் போகலக்கா. கட்டில் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். கையப் பிடிச்சுக்கிட்டுதான் போன் பண்ணேன்."

"எனக்குத் தெரியும், தேன்மொழி."

"எப்படித் தெரியும்? நீங்க பாக்கலயே."

"பாக்கேல்லை. ஆனா உன்ரை வாயிலை இருந்து என்ன வந்திருக்குமெண்டு தெரியும். என்ரை வாயும் அதேதான்."

பிறகு அவளிடம் உண்மையைச் சொன்னேன். குரலை அழித்தது நான் என்று. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"விசாரணைக்குத் துணையா ஒருத்தரக் கூட்டிட்டு வரலாமாம். நீங்க வர்றீங்களாக்கா?" என்றாள்.

"நானா? நான்தானே இதையெல்லாம் செய்து வைச்சது."

"ஆமா. அதனாலதான் கேக்குறேன். அந்தப் பொட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு உங்களுக்குத்தான தெரியும்."

இரவுச் சாப்பாட்டில் மகள் அபியிடம் விஷயத்தைச் சொன்னேன். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பத்து வருடமாக இப்படித்தான் எங்கள் வீட்டில் பேச்சு ஓடுகிறது.

"அம்மா, நீங்கள் 'நொட்' சொல்வது உண்மையில் 'நவ்' மாதிரித்தான் இருக்கிறது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்" என்றாள்.

"நான் 'நொட்' எண்டு சொன்னா உனக்கு விளங்கேல்லையே?"

"விளங்கியது. ஏனென்றால் உங்கள் முகத்தைப் பார்ப்பேன்."

சற்று நேரம் கழித்து, நல்லெண்ணத்தோடுதான், கேட்டாள்: "விசாரணைக்கு முதல் அந்த வசனத்தை எப்படிச் சொல்வதென்று நான் உங்களுக்கும் அந்த அக்காவுக்கும் பழக்கிவிடவா? கடைசியில் நாக்கை மேலே தட்டவேண்டும். அவ்வளவுதான்."

அவள் சொல்லிக் காட்டினாள். எவ்வளவு அழகாகச் சொன்னாள். அந்த நாக்கை நான்தான் பெற்றேன். ஆனால் அது சொன்ன சொல் எனக்கு வரவே வராது. விசாவுக்காக எழுதிய ஆங்கிலப் பேச்சுப் பரீட்சையில் இரண்டு தரம் அரைப் புள்ளியால் விழுந்த நாள்களில், கண்ணாடிக்கு முன்னால் நின்று நாக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தவள் நான். அப்போது அழுதேன். இப்போது கோபம் வந்தது, அவள்மேல் அல்ல.

"வேண்டாம் அபி. தேன்மொழி அந்த வசனத்தைப் பிழையாச் சொல்லேல்லை. பிறகென்னத்துக்குப் பழகோணும்?"

அவள் தோளைக் குலுக்கிவிட்டு எழுந்து போனாள். குகன் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "வேலை போனாலும் சமாளிப்பம். அந்தத் தாளிலை மட்டும் கை வைச்சிடாதை."

6

விசாரணைக்கு மெல்பேர்ன் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். ஊழியர் விவகாரங்களைப் பார்ப்பவர். அதிகம் பேசாதவர், எல்லாவற்றையும் குறிப்பெடுப்பவர். ஒரு பக்கம் அவரும் கிரெக்கும், மறுபக்கம் தேன்மொழியும் நானும். சுவரில் பெரிய திரை.

கிரெக் தாளை வாசித்தார். "மொலி, இதை நீதான் சொன்னாயா?"

தேன்மொழி நிமிர்ந்தாள். "என் பெயர் மொலி இல்லை. தேன்மொழி."

கிரெக் முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்ல முயன்றார். வரவில்லை. 'ழ' எங்களுக்குள்ளேயே பலருக்கு வராது, அதை விடுங்கள்.

மெல்பேர்ன்காரி என்னைப் பார்த்தார். "குரற்பதிவு ஏன் இல்லை?"

"நான் அழித்தேன். எழுத்து பதிவானதும் குரலை அழிக்கும்படி நானே அமைத்தேன். யாரும் சொல்லவில்லை. அந்தப் பிழை முழுவதும் என்னுடையது. எழுதிக்கொள்ளுங்கள்."

அவர் எழுதிக்கொண்டார்.

"ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த இலக்கம் இப்போதும் வேலை செய்கிறது. சற்றைத் திரையில் போடுங்கள். இந்த அறையில் இருக்கும் எல்லோரும் அந்த ஒரு வசனத்தைச் சொல்வோம்."

"இது பரிசோதனைக்கூடம் அல்ல" என்றார் கிரெக். "அன்றைக்கு அவள் என்ன சொன்னாள் என்பதை இது நிரூபிக்காது."

"நிரூபிக்காது. உங்கள் கையிலுள்ள தாளும் நிரூபிக்காது."

மெல்பேர்ன்காரி பேனாவைக் கீழே வைத்தார். "போடுங்கள்" என்றார்.

வெள்ளைப் பலகையில் வசனத்தை எழுதினேன். 'நான் அவரைத் தனியே விடவில்லை', ஆங்கிலத்தில். முதலில் கிரெக் தன் போனை எடுத்துச் சொன்னார். அரை நிமிடத்தில் ஓர் எழுத்தும் பிசகாமல் திரையில் வந்தது. அச்சொட்டு. அடுத்தது மெல்பேர்ன்காரி. அச்சொட்டு. பிறகு நான் சொன்னேன், வழக்கமாகச் சொல்வது போல. காத்திருந்த அந்த அரை நிமிடமும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இன்றைக்கென்று பார்த்து இந்தப் பாழாய்ப்போனது சரியாக எழுதிவிட்டால்?

திரையில் வந்தது: 'நான் இப்போது அவரைத் தனியே விட்டுவிட்டேன்.'

தேன்மொழி ஐந்து தரம் சொன்னாள். மூன்று தரம் 'இல்லை' என்று வந்தது. இரண்டு தரம் 'இப்போது' என்று வந்தது. ஒரே வாய், ஒரே வசனம், ஒரே கதிரை.

எனக்குப் போதவில்லை. கதவைத் திறந்து, தேநீர் அறையில் நின்ற நேபாளத்துச் சுஷ்மாவைக் கூப்பிட்டேன். அவள் பயந்துபோய் வந்தாள். பலகையைப் பார்த்து வாசித்தாள். முதல் தரமே 'இப்போது' என்று வந்தது.

"சுஷ்மா, நீ இப்போது ஒரு கிழவியைக் கைவிட்டிருக்கிறாய்" என்றேன். அவள் திரையைப் பார்த்தாள். விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிரெக் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் அல்ல என்று முன்பே சொன்னேன். அந்த எழுத்துகளை இத்தனை மாதமாக வாசித்து வந்தவர் அவர். எதையெல்லாம் நம்பினோம் என்று தனக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறார் போலத்தான் இருந்தது.

"டொரத்தியின் மகள் என்னதான் முறைப்பாடு கொடுத்தார்?" என்று மெல்பேர்ன்காரி கேட்டார்.

கிரெக் தயங்கினார். "முறைப்பாடு என்று இல்லை. கண்டல் எப்படி வந்தது என்று கேட்டார்."

அங்கேயே அந்த மகளுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரையால் அம்மாவுக்கு எங்கே தொட்டாலும் கண்டிப்போவதாக வைத்தியர் நேற்றே சொல்லிவிட்டாராம். பிறகு அந்த மகள் கேட்டார்: "அந்தப் பெண் ஏன் இந்தக் கிழமை வரவில்லை? அம்மா தேடுகிறா."

தேன்மொழி அதுவரை அழவில்லை. அப்போதுதான் அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

7

அடுத்த கிழமை இரண்டு கடிதங்கள் வந்தன. தேன்மொழிக்கு, குற்றம் எதுவும் இல்லை, உடனே வேலைக்கு வரலாம் என்று. எனக்கு, நிறுவனத்தின் பதிவுகளை அனுமதியின்றி அழித்ததற்கு எச்சரிக்கை. அதில் கையெழுத்து வைத்தேன். உண்மைக்குக் கையெழுத்து வைக்க எனக்குத் தயக்கம் இல்லை.

மூன்றாவதாக ஒரு மின்னஞ்சலும் வந்தது. இனி இப்படி நடவாமல் இருக்க 'தெளிவான உச்சரிப்புப் பயிற்சி', இரண்டு சனிக்கிழமை, இலவசம், மதிய உணவும் உண்டு. ஒன்பது பேரின் பெயர் இருந்தது. ஒன்பது பேரும் வேறு நாட்டில் பிறந்தவர்கள். என் பெயர் மேலிருந்து மூன்றாவது.

முன்பென்றால் போயிருப்பேன். அபியைக் காரில் இறக்கிவிடச் சொல்லி, கொப்பியும் பேனையும் கொண்டு போயிருப்பேன். அன்று உட்கார்ந்து நான்கே வரியில் பதில் எழுதினேன். 'நான் வரவில்லை. எனக்கு ஆங்கிலம் பேச வரும். பல வருடமாக இந்த நாட்டு முதியவர்கள் நான் சொல்வதை விளங்கிக்கொண்டுதான் மாத்திரை விழுங்கினார்கள். பிழை எழுதியது இயந்திரம், பயிற்சியை அதற்குக் கொடுங்கள்.'

அனுப்பிவிட்டு இரண்டு நாள் மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். மூன்றாம் நாள் சுஷ்மா வந்து, "நீங்கள் எழுதியதை எனக்கு அனுப்புவீர்களா? நானும் அனுப்பப் போகிறேன்" என்றாள். பிறகு பீஜிக்காரர் கேட்டார். கடைசியில் ஒன்பது பேரும் அனுப்பினோம். பயிற்சி ஒத்திவைக்கப்பட்டிருப்பதாக அறிவிப்பு வந்தது. எந்தத் திகதிக்கு என்று அதில் இல்லை.

குரலை இனி அழிக்கக்கூடாது என்று மெல்பேர்னிலிருந்து உத்தரவு வந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளை மாற்றித் தொடுத்தேன். இப்போது எழுத்து நேரே சற்றுக்குப் போகாது. முதலில் பேசியவருடைய போனுக்கே திரும்பிப் போகும். 'நீங்கள் சொன்னது இதுவா?' என்று கேட்கும். கீழே இரண்டு பொத்தான், சரி, பிழை. சரி என்றால்தான் பதியும், குரலும் கூடவே இருக்கும். பிழை என்றால் இன்னொரு தரம் சொல்லலாம். இரண்டு தரமும் பிழை என்றால் எழுத்தே போகாது. குரல் மட்டும் போகும்.

"அப்படி வந்தால் உட்கார்ந்து கேட்க வேண்டுமே. அதற்கு யாருக்கு நேரம்?" என்றார் கிரெக்.

"எனக்கு முன்பு இருந்தது. உங்களுக்கும் இருக்கும்."

"பழையபடியே விட்டுவிடலாமே, ரஜனி. பெரும்பாலும் சரியாகத்தானே வருகிறது?"

"இப்படி இருக்கட்டும், அல்லது முழுவதையும் கழற்றிவிடுகிறேன். நான் கட்டியது, கழற்றவும் தெரியும். ஒன்றைச் சொல்லுங்கள்."

அவர் என் படம் மாட்டியிருந்த சுவரைப் பார்த்தார். படம் இன்னும் அங்கேதான் இருந்தது. "இருக்கட்டும்" என்றார்.

அபிக்கு இதையெல்லாம் சொன்னேன். "அவர்கள் உங்களை வேலையால் நிற்பாட்டியிருக்கலாம்" என்றாள். "ஓம்" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் இன்னமும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறாள்.

8

தேன்மொழி திரும்பி வேலைக்குப் போன முதல் நாள், பத்தரை தாண்டியதும் டொரத்தி வீட்டுச் செய்தி சற்றில் வந்தது. எழுத்து இல்லை. குரல் மட்டும், நாற்பது விநாடி. அவள் இரண்டு தரமும் 'பிழை' என்று அழுத்தியிருக்கிறாள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

கிரெக் என் மேசைக்கு வந்தார். "இதில் ஒன்றும் எழுதவில்லையே. என்ன சொல்கிறாள்?"

நான் ஏற்கனவே கேட்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாக விளங்கியது. பத்து விநாடியில் சொல்லியிருக்கலாம், அவரும் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

"கேளுங்கள்" என்றேன்.

"நீதான் கேட்டுவிட்டாயே."

"ஓம். நீங்களும் கேளுங்கள்."

பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்தார். ஒலியைக் கூட்டினேன். தேன்மொழியின் ஆங்கிலம் தன் மதுரை வேகத்தில் ஓடியது. முடிந்ததும் கிரெக் என்னைப் பார்த்தார். பிறகு அவரே கையை நீட்டி மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுபோனார். இம்முறை கண்ணை மூடிக்கொண்டு, காதைக் கொஞ்சம் முன்னே சரித்துக் கேட்டார்.

"கஞ்சி முழுதும் குடித்தார்" என்றார் மெதுவாக. "பிறகு... உடுப்புக் காயப்போடும் கொடிவரைக்கும் நடந்தாரா?"

"இன்னும் இருக்கிறது" என்றேன். "திரும்பப் போடுங்கள்."

அவர் போட்டார்.